அடைப்புக்குறிக்குள் பி.பி.

நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது பழைய பள்ளி டைரி இருந்தால் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயர், வகுப்பு, ரத்த வகை, முகவரி. அதற்குக் கீழே தொலைபேசி எண் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் நம்மில் பலர் எழுதிய எண் நம்முடையது அல்ல. எண்ணை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே பி.பி. என்று எழுதினோம். இது அடுத்த வீட்டு போன், கூப்பிட்டால் வந்து பேசுவோம் என்று அர்த்தம். அந்த ஆங்கில எழுத்துகளின் விரிவு என்ன என்று என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. 'பக்கத்து போன்' என்பதன் சுருக்கம் என்று என் பெஞ்சில் இருந்தவள் சத்தியம் செய்தாள். டீச்சர் திருத்தவில்லை. அவருடைய எண்ணும் பி.பி.தான்.

எங்கள் தெரு அந்த இரண்டு எழுத்துகளை எப்படி இழந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். செல்போன் வந்ததால் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பழைய தெருக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது தவறு. எங்கள் தெருவுக்கு முதல் செல்போன் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அது முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் முடிந்தது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையில், உள்ளே இரண்டு திருப்பம் தாண்டி, பதினான்கு வீடுகள் உள்ள மண் தெரு. நடுவில் நான்கு காலி மனைகள். காலையில் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டம் போடும். ஐப்பசியில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். ஆண்கள் எல்லோரும் ஏதோ ஓர் ஆபீஸுக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள். என் அப்பா மட்டும் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தெருவில் அவருக்குப் பெயர் 'சார்'. தெருவுக்கு விளக்கு வந்தது அவர் மனு எழுதியதால். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மண்வெட்டியோடு இறங்கவைத்துக் கால்வாய் தோண்டியவர் அவர். யார் வீட்டுப் பெண் பத்தாவது முடித்தாலும் அடுத்து என்ன படிக்கலாம் என்று அப்பாவிடம்தான் வந்து கேட்பார்கள். "பொண்ணு கைல ஒரு வேலை இருக்கணும்" என்று அவர் சொல்வது எனக்கு மனப்பாடம்.

தெருவில் ஒரே ஒரு வீட்டில் போன் இருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில், இரண்டு வீடு தள்ளி. அந்த வீட்டு அங்கிள் ரயில்வேயில் இருந்தார், அதிகம் பேச மாட்டார். போன் என்றால் ஆன்ட்டிதான். போன் வீட்டு ஆன்ட்டி என்று நாங்கள் சொல்வோம். மூன்று தெரு தள்ளியிருந்த கம்பத்திலிருந்து மரங்களைத் தொட்டுத் தொட்டு ஒரு கறுப்பு ஒயர் அவர்கள் ஜன்னலுக்கு வரும். எங்கள் பகுதிக்குக் கேபிள் போட்டால்தான் மற்றவர்களுக்கு இணைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பதினான்கு வீட்டுக்கும் அந்த ஒயர்தான்.

அழைப்பு வந்தால் ஆன்ட்டி யார் வீட்டுக்கும் ஓட மாட்டார். ஜன்னல் கம்பியில் ஒரு எவர்சில்வர் கரண்டியால் தட்டுவார். முதல் வீட்டுக்கு ஒரு தட்டு, அடுத்ததற்கு இரண்டு என்று ஆரம்பித்தது. ஆறுக்கு மேல் எண்ணுவது கஷ்டமாக இருந்ததால், தூரத்து வீடுகளுக்கு விட்டு விட்டுத் தட்டும் முறை ஒன்று வந்தது. எங்களுக்கு மூன்று. தட்டும் சத்தம் கேட்டதும் தெருவில் எல்லோர் கையும் ஒரு நொடி நிற்கும், எண்ணுவார்கள். நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் வேலை தொடரும். உரிய வீட்டில் யாரும் வெளியே வரவில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் போய், "லைன்ல இருங்க, அவங்க மார்க்கெட் போயிருக்காங்க, நான் எதிர்வீடு" என்று சேதி வாங்கிக்கொள்வார். இப்படித்தான் எங்கள் தெருவில் யாருக்கு எந்த ஊரில் யார் உறவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆன்ட்டி செய்த இன்னொரு வேலையைப் பற்றி அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரும் எழுதுவதில்லை. அவர் எங்களுக்காகப் பொய் சொன்னார்.

முன்கூட்டியே போய்ச் சொல்லிவைப்பார்கள். "ஆன்ட்டி, எங்க நாத்தனார் பண்ணினா நாங்க ஊருக்குப் போயிட்டோம்னு சொல்லிடுங்க." "ஆபீஸ்லேருந்து கேட்டா அவருக்கு ஜுரம்." "பொண்ணு பாக்க வர்றோம்னு சொன்னவங்க கேட்டா, ஜாதகம் சரியில்லைன்னு நீங்களே சொல்லிடுங்க, நாங்க சொன்னா மனசு கஷ்டப்படும்." ஆன்ட்டி எல்லாவற்றுக்கும் சரி என்பார். ரிசீவரைக் கையில் எடுத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, உண்மையிலேயே வருத்தப்படுகிற மாதிரி, "இல்லீங்களே, காலைலதான் கிளம்பினாங்க" என்பார். பக்கத்திலேயே அந்த வீட்டுக்காரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

என் அக்கா எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த வருடம் அது. எனக்குப் பதினொன்று, அவளுக்கு இருபது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் கார் உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவுக்குப் பெண்களை எடுத்தார்கள். அக்கா எழுதிப் போட்டாள். நேர்முகத்துக்கு அப்பாதான் ரயிலில் அழைத்துக்கொண்டு போனார். விண்ணப்பத்தில் போன் எண்ணை எழுதி, அடைப்புக்குறிக்குள் பி.பி. போட்டதும் அவர்தான்.

அன்று மாலை அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். அவர்கள் கொடுத்த சர்க்கியூட் போர்டில் எந்த இடத்தில் பழுது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாளாம். ஒரு வாரத்துக்குள் போன் செய்வோம் என்றார்களாம். அப்பா காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்படிங்க இருக்கு எடம்?" என்று அம்மா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. மூணு ஷிப்ட். பஸ் விட்டு எடுத்துக்கறாங்க."

"நைட்லயுமா?"

"சாயங்காலம் ஒரு பஸ் வந்து நின்னுது. நாப்பது பொண்ணுங்க எறங்குது. எல்லாம் ஒரே கலர் கோட்டு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்த நாற்பது பெண்களை அவர் தொழிற்சாலை வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

அந்த வாரம் எங்கள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. மிக்ஸி போட்டால் தட்டுவது கேட்காது என்று அக்கா சட்னியை அம்மியில் அரைத்தாள். டிவியை ஊமையாக ஓடவிட்டாள். குளிக்கப் போகும்போது, "மூணு கேட்டா கதவத் தட்டுடி" என்று என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். நான் எண்ணினேன். ஐந்து தட்டியது, இரண்டு தட்டியது, தூரத்து வீடுகளுக்கான விட்டு விட்டுத் தட்டும் தட்டு வந்தது. மூன்று வரவில்லை.

அதே வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா முருங்கைக்காய் பறித்தார். ஆன்ட்டி வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் வா என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் குரோட்டன் செடியிடம் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முருங்கைக்காய் என் கையில்தான் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவின் குரல் கேட்டது.

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"நான் பாத்துக்கறேன்மா."

'நீங்களே சொல்லிடுங்க' என்பதை அந்த வீட்டில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊரிலிருந்து சித்தப்பா வருவதைத் தவிர்க்கிறார் என்று நினைத்தேன். எங்கள் சித்தப்பா வந்தால் ஒரு மாதம் தங்குவார். அப்பா வெளியே வந்தார், என் கையிலிருந்த காய்களை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து அக்காவோடு டிப்ளமா படித்த பெண் ஒருத்தி இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அவளும் அதே நேர்முகத்துக்குப் போனவள். செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

"ஏண்டி வரமாட்டேன்னு சொன்னே?"

அக்கா புரியாமல் நின்றாள்.

"உன் பேர்தாண்டி லிஸ்ட்ல மொதல்ல இருந்துச்சு. ஆபீஸ்ல கேட்டேன். போன் பண்ணினாங்களாம், ஒரு லேடி எடுத்து, வீட்ல வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க, அவ வேலைக்கு வரமாட்டான்னு சொன்னாங்களாம். உனக்குக் கல்யாணம்னு நெனச்சுட்டேன். சொல்லவே இல்லியேன்னு கோவமா வந்தேன்."

அம்மா அடுப்பை அணைத்தாரா என்று எனக்கு நினைவில்லை. கையில் ஈரத்தோடு தெருவைக் கடந்தார். பின்னால் அக்கா, அவள் பின்னால் நான். சத்தம் கேட்டு இரு பக்கமும் கதவுகள் திறந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே கடைசியாக வந்தார்.

"எம்பொண்ணுக்கு வந்த போனா அது?" என்றார் அம்மா. "அவ வரமாட்டான்னு நீங்க சொன்னீங்களா?"

ஆன்ட்டி கேட்டுக்கு உள்ளே நின்றார். "ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

"யாரக் கேட்டு?"

ஆன்ட்டி அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தார். அவர் பார்வை எங்கே போகிறது என்று நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிகிறது. அம்மாவுக்குப் பின்னால், நாலைந்து அடி தூரத்தில் அப்பா நின்றார், மேல் பொத்தானைப் போட்டபடி. ஆன்ட்டி அவரைப் பார்த்துக் காத்திருந்தார். பத்து நொடி இருக்கலாம்.

"தப்புத்தாங்க" என்றார் ஆன்ட்டி.

அப்பா முன்னால் வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "விடு. தெரியாம ஏதோ சொல்லிட்டாங்க. அக்கம்பக்கத்துல இதைப் பெருசு பண்ணக் கூடாது. வேலை இது இல்லன்னா வேற." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

மாடி வீட்டு அங்கிள் தலையை ஆட்டினார். "சார் மனசு யாருக்கும் வராதுங்க. வேற ஒருத்தனா இருந்தா இன்னிக்கு ரகளையாகியிருக்கும்."

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. அப்பா தட்டைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தார். தலையைத் தடவிக் கொடுத்தார். அவள் அந்தக் கைக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சில நாட்களில் தெருவில் நடந்ததை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக யோசித்தது. தனக்கு வந்து, தனக்குச் சொல்லப்படாத அழைப்பு எது என்று தேடியது. தேடினால் கிடைக்கத்தானே செய்யும்? முதல் வீட்டுக்காரருக்கு அவர் மச்சான் இரண்டு தடவை போட்டானாம், சொல்லவே இல்லையாம். கடைசி வீட்டுக்கு ஒரு வரன் வந்து கைநழுவிப் போனதாம், அப்போதே சந்தேகமாம். ஜாதகம் சரியில்லை என்று சொல்லச் சொன்ன வீடு அதுதான். நாத்தனாரிடமிருந்து தப்பித்த அம்மாள், "அந்தம்மா எவ்வளவு சரளமா பொய் சொல்லும் தெரியுமா? நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்" என்று எங்கள் அம்மாவிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் வாயைப் பொத்திச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

ஒருத்தர் மட்டும் சொன்னார். கோவளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிற மீன்கார அம்மா. அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது காசிமேட்டில். மகள் பேச வேண்டுமென்றால் செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்கு ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போன் செய்வாள். தெருவில் குடியில்லாத ஒருத்தருக்கும் அங்கே ஒரு தட்டு இருந்தது. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, கம்பியில் ஓர் இழுப்பு.

"இன்னாம்மா இது" என்று எங்கள் வாசலில் கூடையை இறக்கினார். "போனு வூட்டம்மா மேல அல்லாரும் பாஞ்சிகினு கீறீங்களாமே."

"உனக்கென்ன தெரியும்? எம்பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டா" என்றார் அம்மா.

"தா, அந்தம்மா வாய்ல தானா பொய் வராது. எவனா சொல்லச் சொன்னாத்தான் வரும். சொல்லச் சொன்னவன் யாருன்னு கேட்டியா நீ?"

"மீன விக்க வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா?"

"மீனுதான் வித்துகினு கீறேன். கவுச்சி எங்கருந்து வருதுன்னு எனுக்குத் தெரியாதா?"

உள்ளே அப்பா பேப்பரை மடித்தார். அந்த ஓசையை நான் கேட்டேன். அம்மா அன்று மீன் வாங்கவில்லை. அதற்குப் பிறகும் அவரிடம் வாங்கவில்லை, வண்டியில் வருகிறவரிடம் வாங்கினோம்.

சண்டை நடந்து ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ. பள்ளிவிட்டு வந்து நான் சீருடையை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளறையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் கரண்டி. மூன்று.

பழக்கத்தில் நான் வாசலுக்குப் பாய்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி மூன்று. இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. மூன்றாம் முறையும் தட்டினார்கள், இன்னும் வேகமாக. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போய்ச் சேதி வாங்குவதுதான் வழக்கம். அவர் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டியே தெருவைக் கடந்து வந்தார். ஓட்டமும் நடையுமாக, கையில் கரண்டியோடு. "உங்க பொண்ணுக்கு…" என்று ஆரம்பித்தார்.

அம்மா கிரில் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "இனிமே எங்க வீட்டுப் பேர அந்த போன்ல சொல்லாதீங்க. எங்களுக்கு யாரும் பண்ண வேணாம்." மரக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஆன்ட்டி ஒரு நிமிடம் போல வெளியே நின்றார். கதவிடுக்கில் அவர் புடவைக் கரையும் கால்களும் தெரிந்தன. பிறகு அவை போய்விட்டன. உள்ளே இஸ்திரிப் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

தட்டும் சத்தம் அதற்குப் பிறகு குறைந்தது. பஸ் நிறுத்தத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வரிசையில் நின்று பேசினார்கள். அந்த பூத் எண்ணைப் பிள்ளைகளின் டைரியில் எழுதிக்கொடுத்த வீடுகளும் உண்டு. கேபிள் வந்து வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது பிறகு. செல்போன் அதற்கும் பிறகு. சென்னை எண்களுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது எங்கள் தெருவில் யாருக்கும் ஆன்ட்டியின் எண்ணைத் திருத்தி எழுதும் தேவை இருக்கவில்லை.

மற்றவையும் சேர்ந்தே போயின. ஐப்பசியில் கால்வாய் தோண்ட அப்பா நாள் குறித்தார். ஆறு பேர் வந்தார்கள். போன் வீட்டு அங்கிள் மண்வெட்டியோடு வந்தபோது மற்றவர்கள் அவரிடம் பேசாமல் தள்ளிப் போய்த் தோண்டினார்கள். அடுத்த வருடம் ஆள் வைத்துத் தோண்டினோம். சுவர்களை உயர்த்தினோம். வீட்டுச் சேதி வெளியே போய்விடும் என்று ஜன்னலை மூடிவைத்துப் பேசினோம்.

போன் வீட்டுக்காரர்கள் கூடுவாஞ்சேரிக்கு வீடு மாறிப் போனது ஒரு மார்கழியில். சாமான் ஏற்றிய லாரி தெருமுனைச் சேற்றில் இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் எந்த வண்டி சிக்கினாலும் குரல் கொடுக்காமலேயே ஆட்கள் வருவார்கள். அன்று டிரைவரும் கிளீனரும் அங்கிளும் மட்டும் தள்ளினார்கள். ஆன்ட்டி இறங்கி, செங்கல் துண்டுகளைப் பொறுக்கி டயருக்கு முன்னால் போட்டார். அப்பா ஜன்னலருகே நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். லாரி வெளியேற முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் தலையைத் தூக்கவில்லை.

அக்கா தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். இரண்டு வருடத்தில் கல்யாணம். இப்போது பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள். வீட்டில் எந்த மின்சாதனம் பழுதானாலும் அவளே பிரித்துச் சரிசெய்கிறாள். அவள் கணவர் அதை வந்தவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வார்.

போன வருடம் ஊரப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் தண்ணீர் கேட்டேன். மறுபக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் திரும்பினார்.

"மூணு தட்டு வீட்டுச் சின்னப் பொண்ணுதானே நீ? கொரல் மாறவே இல்ல."

சாப்பிட்டுக் கை கழுவியதும் மண்டபத்துக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நானே இழுத்துப் போட்டேன். அம்மா இறந்ததை விசாரித்தார். அங்கிளும் இல்லை என்றார். பிறகு நான் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"சொல்லச் சொன்னது உங்கப்பா. தெரியுமில்ல?"

குரோட்டன் செடிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட வாக்கியத்தை நான் வளர்ந்த பிறகு ஒருநாள் அர்த்தப்படுத்திக்கொண்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. "தெரியும் ஆன்ட்டி" என்றேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவரே சொல்லிடுவார்னு பாத்தேன். சார் ஆச்சே. சொல்லல. சரி, அவரா சொல்லாதத நான் எப்படிச் சொல்றது?" புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "ஆனா எனக்கு மனசு கேக்கல. அந்தக் கம்பெனி ஆள் நம்பர் குடுத்திருந்தார். நானே போட்டேன். தப்பா சொல்லிட்டேங்க, பொண்ணு வேலைக்கு வர ரெடியா இருக்கான்னு கெஞ்சினேன். ரொம்ப நேரம் கெஞ்சினேன். ஒரு எடம் இருக்கு, நாலு மணிக்குப் பண்றேன், பொண்ணையே பேசச் சொல்லுங்கன்னார். சொன்ன மாதிரியே பண்ணினார்."

எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். "நீங்க கதவுகிட்ட வந்து நின்னீங்களே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான். அவர் லைன்லயே இருந்தார். திரும்பிப் போய், வீட்ல யாரும் இல்லீங்கன்னு சொன்னேன். அந்த போன்ல நான் சொன்ன கடைசிப் பொய் அது."

கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்காகிட்ட இத மட்டும் சொல்லிடு. கெடுத்தவ நான், சரி பண்ணவும் நான்தான் பாத்தேன்னு. அவ என்ன திட்டினாலும் பரவால்ல. அவளுக்கு இது தெரியணும்."

"சொல்லிடறேன் ஆன்ட்டி."

முதலில் அப்பாவிடம் போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு குடித்தனம் உள்ள கட்டடம். மூன்றாவது மாடியில் அப்பா இருக்கிறார். எதிர் ஃபிளாட்டில் யார் என்று அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் அதிகம் எழுதுகிறவர் அவர்தான். அந்த வாரமும் எழுதியிருந்தார்: 'நம் தெரு ஒரே குடும்பமாக இருந்தது. செல்போன் வந்து பிரித்துவிட்டது.' கீழே பதினேழு கும்பிடும் கைகள்.

ஆன்ட்டியைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எங்கடி வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்? கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். அவங்களா வேற ஏற்பாடு அது இதுன்னு…"

"அக்காகிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா, நைட் ஷிப்டுக்கெல்லாம் போக வேணாம்னு."

"எப்படிச் சொல்றது? ஊருக்கெல்லாம் வேலைக்கு அனுப்புன்னு சொல்றவன் நான்."

"சரி. அன்னிக்கு ஆன்ட்டி வீட்டு வாசல்லயாவது சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்களே" என்றார் அப்பா.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

அங்கிருந்தே பெருங்களத்தூர் போனேன். அக்கா கூடத்துத் தரையில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட மிக்ஸி ஒன்றின் பாகங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியைப் பார்த்தேன் என்று தொடங்கி, முருங்கைக்காய் நாளைப் பற்றிச் சொன்னேன். அப்பா என்ற இடம் வந்ததும் தயங்கினேன்.

"அப்பாதான்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. ஆன்ட்டி யாரப் பார்த்தாங்கன்னு நானும் திரும்பிப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லிட்டு?" ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "அப்பாவோட கோவிச்சுக்கிட்டா யார் வீட்ல போய் சாப்பிடறது, எங்க போய்த் தூங்கறது? ஆன்ட்டியோட கோவிச்சுக்கிட்டா எதிர்வரிசைப் பக்கம் போகாம இருந்தா போதும். எல்லாருக்கும் அதுதாண்டி சௌகரியமா இருந்துச்சு. எனக்கும்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"எப்படியும் அந்த வேலை போனது போனதுதான். இல்லன்னு ஒரு தடவை சொல்லிட்டா மறுபடி கூப்பிடவா போறாங்க? அத நெனச்சுத்தான் மனச ஆத்திக்கிட்டேன்." மோட்டாரைத் தூக்கி அதன் இடத்தில் பொருத்தினாள். "ஆன்ட்டி வேற ஏதாவது சொன்னாங்களா?"

"உன்னை விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க" என்றேன்.